ரெக்கார்டு நோட்டும் ஆகாய விமானமும்

(நமது முன்னாள் மாணவர் சங்கத்தின் ஒன்றுகூடல் விழாவில், எந்திரவியல் துறை 2011-ஆம் ஆண்டு மாணவர் ஒருவர் ஆற்றிய உரை. பெரும்பாலும் பேசியபடியே தரப்படுகிறது.)



பந்தி போட இன்னும் முக்கால் மணி நேரம் ஆகுமாம். அதுவரைக்கும் எதையாவது சொல்லிக்கொண்டிருப்பா என்று செயலாளர் அண்ணன் என்னை மேடையில் ஏற்றிவிட்டார். பசியோடு இருப்பவர்களிடம் பேசுவது கஷ்டம். ஆனாலும் தைரியமாக ஆரம்பிக்கிறேன்.

நான் பெங்களூரில், விமானங்களுக்கு உதிரி பாகங்கள் செய்து கொடுக்கும் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். "எம் பையன் ஏரோபிளேன் செய்யறான்" என்று எங்கள் அம்மா ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். உண்மையில் நான் செய்வது பேப்பர் வேலை. ஒரு பாகம் எந்த உலோகத்தில் செய்யப்பட்டது, அந்த உலோகம் எந்த உருக்காலையிலிருந்து வந்தது, யார் கடைந்தார்கள், யார் அளந்தார்கள், எந்தக் கருவியால் அளந்தார்கள், அந்தக் கருவி சரியாக இருக்கிறதா என்று கடைசியாக எப்போது பார்த்தார்கள் - இதையெல்லாம் எழுதி, கையெழுத்து வாங்கி, அடுக்கி வைப்பதுதான் என் பிழைப்பு.

இன்று காலை காபி குடிக்கும்போது 1987 செட் அண்ணன் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏம்ப்பா, சீனாக்காரன் பெரிய பயணிகள் விமானம் விட்டுட்டான். பிரேசில்காரன் எப்பவோ விட்டுட்டான். நாம சந்திரன்லயே போய் இறங்கிட்டோம். நம்ம சனங்க ஏறிப் போறதுக்கு ஒரு விமானம் பண்ண முடியலையே, அது ஏன்?" என்றார். பதில் சொல்ல ஆரம்பித்தேன். கையில் இருந்த பஜ்ஜி ஆறிப்போனதே தவிர, பதில் முடியவில்லை. மீதியை இங்கே சொல்லிவிடுகிறேன்.

அதற்கு முன்னால் ஒரு பாவமன்னிப்பு கேட்க வேண்டியிருக்கிறது. இரண்டாம் வருஷம், பொருள்களின் வலிமையைச் சோதிக்கும் லேபில், ஒரு கம்பியை முறுக்கி எவ்வளவு கோணம் திரும்புகிறது என்று பார்க்கும் சோதனை. நான் அன்றைக்கு லேபுக்கே போகவில்லை. எங்கே போனேன் என்பது என் செட் நண்பர்களுக்குத் தெரியும், என் மனைவி முன் வரிசையில் உட்கார்ந்திருப்பதால் இங்கே சொல்லப்போவதில்லை. விடை என்ன வரவேண்டும் என்பது புத்தகத்தில் இருக்கிறது அல்லவா? அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, பத்து ரீடிங்கை உருவாக்கி, ரெக்கார்டு நோட்டில் அழகாக எழுதி, கிராஃபும் போட்டுக் கொண்டுபோய் நீட்டினேன். சார் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "பிரமாதமா வந்திருக்கேப்பா. அந்த மெஷின்ல டயல் கேஜ் ரெண்டு வாரமா ரிப்பேர். உனக்கு மட்டும் எப்படி ரீடிங் கொடுத்துச்சு?" என்றார்.

பக்கம் முழுக்கக் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. அதோடு விட்டிருந்தால் மறந்திருப்பேன். நோட்டைத் திருப்பித் தரும்போது, "டயல் கேஜ் வேலை செய்யலைன்னு எழுதிட்டு வந்திருந்தா முழு மார்க்கும் போட்டிருப்பேன்" என்றார். அந்த வார்த்தைக்கு அர்த்தம் புரிய எனக்கு ஏழெட்டு வருஷம் ஆயிற்று. அதைத்தான் இன்றைக்குச் சொல்ல வந்தேன்.

உலகத்தில் பெரிய பயணிகள் விமானம் என்றால் இன்று இரண்டே கடைதான். அமெரிக்காவின் போயிங், ஐரோப்பாவின் ஏர்பஸ். முன்பு வேறு கடைகளும் இருந்தன. லாக்ஹீட் 1984-இல் தன் டிரைஸ்டார் விமானத்தை நிறுத்திக்கொண்டு இந்தத் தொழிலை விட்டு வெளியேறியது. மெக்டொனல் டக்ளஸ் 1997-இல் போயிங்கோடு கலந்துவிட்டது. பெரிய கடைகளுக்கே இந்தக் கதி.

ஏர்பஸ்ஸும் ஒரு காலத்தில் புதுப் பையன்தான் என்பதை மறந்துவிடக் கூடாது. 1970-இல் பிரான்ஸும் ஜெர்மனியும் கைகோத்து ஆரம்பித்தது. ஏ-300 என்ற முதல் விமானம் 1972 அக்டோபரில் பறந்தது. நல்ல விமானம், ஆனால் வாங்க ஆளில்லை. விற்காத விமானங்கள் துலூஸ் நகரத்தில் வெள்ளைப் பெயிண்டோடு வரிசையாக நின்றன. நம்ம இந்தியன் ஏர்லைன்ஸ் 1976-லேயே ஏ-300 வாங்கியது என்பது பலருக்கு ஞாபகம் இருக்காது. 1977-இல் அமெரிக்காவின் ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸுக்கு நாலு விமானத்தை ஆறு மாதம் வாடகையில்லாமல் கொடுத்து, "ஓட்டிப் பாருங்கள், பிடித்தால் வாங்குங்கள்" என்றார்கள். மறுவருஷம் ஈஸ்டர்ன் 23 விமானம் வாங்கியது. அதற்குப் பிறகுதான் ஏர்பஸ் நிமிர்ந்தது.

ஆகவே புதுக் கடை போட முடியாது என்பதில்லை. போட்டவர்கள் யார் பிழைத்தார்கள், யார் முழுகினார்கள், ஏன் என்று பார்த்தால் அண்ணனுடைய கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும்.

முதலில் முழுகிய கதை. ஜப்பான்.

மிட்சுபிஷி சாதாரணக் கம்பெனி இல்லை. போயிங் 787 விமானத்தின் உடற்கட்டில் ஏறக்குறைய 35 சதவிகிதம் ஜப்பானியக் கம்பெனிகள் செய்வது. அதன் இறக்கைப் பெட்டியைச் செய்வது நகோயாவில் இருக்கும் மிட்சுபிஷி. போயிங்குக்கே இறக்கை செய்து கொடுப்பவர்கள்! 2008-இல் அவர்கள் 90 பேர் போகக்கூடிய எம்.ஆர்.ஜே. என்ற சொந்த ஜெட் விமானத்தை அறிவித்தார்கள். அந்த நாட்டின் ஆல் நிப்பான் ஏர்வேஸ் முதல் ஆர்டர் கொடுத்தது. 2013-இல் கையில் கொடுப்பதாகப் பேச்சு. ஜப்பான்காரன் தேதி சொன்னால் தவற மாட்டான் என்றுதானே நாம் நினைப்போம்?

2015 நவம்பர் 11-ஆம் தேதிதான் அது முதல்முதலாகப் பறந்தது. நாடே டி.வி. முன்னால் உட்கார்ந்து பார்த்தது. வெண்புறா மாதிரி அவ்வளவு அழகான விமானம். நானும் ஆபீஸில் கம்ப்யூட்டரில் பார்த்துக் கைதட்டினேன். "இனிமேல் என்ன, முடிஞ்சுது வேலை" என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் இந்தத் தொழிலில் முப்பது வருஷம் ஊறியவர். "இப்பதாம்பா ஆரம்பம்" என்றார்.

அவர் சொன்னதே நடந்தது. 2017 ஜனவரியில் மிட்சுபிஷி மறுபடியும் இரண்டு வருஷம் தள்ளிப் போட்டது. காரணத்தைக் கேளுங்கள். விமானத்தை ஓட்டும் மின்னணுப் பெட்டிகள் இருக்கிற அறையையும், அதிலிருந்து போகும் ஒயர்களையும் இடம் மாற்றி அமைக்க வேண்டும். பெட்டியில் கோளாறு இல்லை, ஒயரிலும் கோளாறு இல்லை. ஒன்று கெட்டால் இன்னொன்று என்று ஒவ்வொன்றுக்கும் மாற்று வைத்திருப்பார்கள். அசலும் மாற்றும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், அந்த இடத்தில் தண்ணீர் கசிந்தாலோ ஏதாவது வெடித்தாலோ இரண்டும் ஒன்றாகப் போய்விடும் அல்லவா? வீட்டுச் சாவியையும் மாற்றுச் சாவியையும் ஒரே வளையத்தில் கோத்து வைப்பது போல. படம் வரையும்போதே இதைப் பிடித்திருந்தால் ரப்பரால் அழித்திருக்கலாம். விமானங்களைக் கட்டி, பறக்கவிட்ட பிறகு பிடித்தால் ஆயிரக்கணக்கான ஒயர்களைப் பிரிக்க வேண்டும், ஒவ்வொரு மாற்றத்துக்கும் மறுபடி சோதனை, மறுபடி பேப்பர்.

இன்னொரு சங்கடமும் இருந்தது. ஜப்பான் இதற்கு முன் செய்த பயணிகள் விமானம் ஒய்.எஸ்.-11. அது 1962-இல் பறந்தது, 182 விமானங்களோடு 1970-களில் முடிந்துபோனது. நடுவில் ஒரு தலைமுறையே இடைவெளி. செய்கிறவர்களுக்கு அனுபவம் இல்லை. அவர்களைப் பரிசோதித்துச் சான்றிதழ் கொடுக்க வேண்டிய அரசு அதிகாரிகளுக்கும் அனுபவம் இல்லை. பரீட்சை எழுதுபவனும் புதுசு, பேப்பர் திருத்துபவரும் புதுசு என்றால் எப்படியிருக்கும்?

ஆறு தடவை தேதி தள்ளிப் போயிற்று. 2019-இல் ஸ்பேஸ்ஜெட் என்று பெயரை மாற்றிப் பார்த்தார்கள். கொரோனா வந்தது. 2020 அக்டோபரில் வேலையை நிறுத்தினார்கள். 2023 பிப்ரவரி 7-ஆம் தேதி முழுவதுமாகக் கைவிட்டார்கள். சுமார் 3,900 மணி நேரம் பறந்து பார்த்த விமானம். செலவு ஏறக்குறைய ஒரு லட்சம் கோடி யென் என்று செய்தி வந்தது. ஒரு பயணிகூட டிக்கெட் எடுத்து ஏறவில்லை. பயணிகள் விமானத்துக்குச் சான்றிதழ் வாங்கும் நடைமுறை எவ்வளவு சிக்கலானது என்பதை ஆரம்பத்தில் தாங்கள் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்று கம்பெனியே ஒப்புக்கொண்டது. அந்த நேர்மைக்கு ஒரு வணக்கம் வைக்கலாம்.

அப்படி என்ன பெரிய சான்றிதழ் என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் எஃப்.ஏ.ஏ., ஐரோப்பாவில் ஈ.ஏ.எஸ்.ஏ., நம் நாட்டில் டி.ஜி.சி.ஏ. இவர்கள் கேட்பதில் சிலவற்றைச் சொல்கிறேன். ஒரு இறக்கை தன் வாழ்நாளில் சந்திக்கக்கூடிய மிகப் பெரிய சுமை எதுவோ, அதைப் போல ஒன்றரை மடங்கைக் கட்டி இழுப்பார்கள், மூன்று விநாடி உடையாமல் நிற்க வேண்டும். நாலு பவுண்டு எடையுள்ள பறவை முழு வேகத்தில் வந்து கண்ணாடியில் மோதினாலும் உள்ளே வரக் கூடாது. விமானம் நிறைய ஆளை உட்கார வைத்து, விளக்கை அணைத்து, பாதி வாசல்களைப் பூட்டிவிட்டு, 90 விநாடிக்குள் எல்லோரும் வெளியே வர வேண்டும். நம்ம ஆடிட்டோரியத்தில் இப்போது செய்து பார்த்தால், பந்தி ரெடி என்று சொன்னால் ஒருவேளை நடக்கலாம். விமானத்தையே வீழ்த்தக்கூடிய கோளாறு எதுவானாலும், நூறு கோடி மணி நேரத்துக்கு ஒரு தடவைகூட வராத அளவுக்கு அரிதாக இருக்க வேண்டும்.

நூறு கோடி மணி நேரம் யாராலும் பறந்து பார்க்க முடியாது. அப்புறம் எப்படி நிரூபிப்பது? ஒவ்வொரு பாகமும் எப்படிக் கெடும், எவ்வளவு நாளில் கெடும், கெட்டால் அடுத்து என்ன ஆகும் என்று அடிமட்டத்திலிருந்து கணக்குப் போட்டு மேலே வர வேண்டும். அந்தக் கணக்கின் அடியில் இருப்பது எங்கோ ஒரு லேபில் யாரோ ஒருவர் எடுத்த ரீடிங். அந்த ரீடிங் பொய்யானால் மேலே கட்டியது எல்லாம் பொய். எத்தனை கோடி செலவழித்தாலும் அந்த இடத்தில் பணத்தால் ஒன்றும் செய்ய முடியாது.

என் அனுபவம் ஒன்று. வேலையில் சேர்ந்த மூன்றாம் வருஷம். நான் அப்போது இருந்த கம்பெனியில், அலுமினியக் கலவையில் செய்த ஒரு தொகுதிப் பிராக்கெட்டுகள் உலையிலிருந்து வந்தன. சூடு காட்டும் சார்ட்டில் நடுவில் நாற்பது நிமிஷத்துக்குக் கோடே இல்லை. பேனாவில் மை தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். கடினத்தன்மையைச் சோதித்தேன், எல்லாம் சரி. கரண்டும் போகவில்லை. மேலதிகாரியிடம் போய், "சார், பாகம் நல்லா இருக்கு. ரெண்டு பக்கமும் சூடு ஒரே மாதிரி இருக்கு. நடுவுல கோட்டைச் சேர்த்துப் போட்டுடலாமே" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "பத்து வருஷம் கழிச்சு இதுல ஒண்ணு எங்கேயோ உடையுதுன்னு வெச்சுக்கோ. ஏன் உடைஞ்சுதுன்னு தேடிக்கிட்டு ஒருத்தன் இந்த சார்ட்டை எடுப்பான். நீ போட்ட கோட்டைப் பார்த்துட்டு, உலையில தப்பு இல்லைன்னு அடுத்த இடத்துக்குப் போயிடுவான். அவனை நீ ஏமாத்தலாமா?" என்றார். அத்தனை பிராக்கெட்டும் குப்பைக்குப் போனது. எனக்கு அன்றைக்கு வயிறு எரிந்தது. ராத்திரி ரூமுக்குப் போய்ப் படுத்தபோதுதான் அந்தச் சிவப்புக் கோடு ஞாபகம் வந்தது. டயல் கேஜ் வேலை செய்யவில்லை என்று எழுதியிருந்தால் முழு மார்க்.

சரி, பிழைத்த கதைக்கு வருவோம். பிரேசில்.

பிரேசில் விமானக் கம்பெனியை ஆரம்பிப்பதற்கு முன்னால் ஆரம்பித்தது ஒரு காலேஜ். சாவ் ஜோஸே டோஸ் கம்போஸ் என்ற ஊரில் 1950 வாக்கில் ஐ.டி.ஏ. என்ற விமானத் தொழில்நுட்பக் கல்லூரி வந்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யிலிருந்து பேராசிரியர்களை வரவழைத்தார்கள். பக்கத்திலேயே ஆராய்ச்சி மையம். அந்தக் கல்லூரியில் படித்த விமானப்படை அதிகாரி ஒசிரெஸ் சில்வாவும் அவருடைய குழுவும் செய்த சிறிய விமானம் பாண்டெய்ரான்ட்டி 1968-இல் பறந்தது. மறுவருஷம், 1969-இல், எம்ப்ரேயர் கம்பெனி பிறந்தது. கல்லூரிக்கும் கம்பெனிக்கும் நடுவில் பத்தொன்பது வருஷம். யாரும் அவசரப்படவில்லை.

அவர்கள் எடுத்த எடுப்பில் போயிங்கோடு மல்லுக்கு நிற்கவும் இல்லை. முதலில் இருபது பேருக்கும் குறைவாகப் போகும் விமானம். அதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய்ச் சான்றிதழ் வாங்கி அங்கேயே விற்றார்கள். அடுத்தது முப்பது பேர். அடுத்தது ஐம்பது பேர், இ.ஆர்.ஜே.-145, 1995-இல் பறந்தது. அப்புறம் எழுபது, நூறு. மாடிப்படி ஏறுவது போல. ஒவ்வொரு படியிலும் செய்கிறவனும் கற்றான், சான்றிதழ் கொடுக்கிறவனும் கற்றான்.

வழுக்கியும் விழுந்திருக்கிறார்கள். அர்ஜென்டினாவோடு சேர்ந்து செய்த சி.பி.ஏ.-123 என்ற விமானம் 1990-இல் பறந்தது. தொழில்நுட்பத்தில் ரொம்ப உசத்தி, விலையும் ரொம்ப உசத்தி, வாங்க ஆளில்லை. கம்பெனி கடனில் முழுகி, ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை போய், 1994 டிசம்பரில் தனியாருக்கு விற்கப்பட்டது. அதிலிருந்து எழுந்துதான் இன்றைய மூன்றாம் இடத்துக்கு வந்திருக்கிறார்கள். நம்ம ஊர்க்காரர்கள் பலர் அவர்களுடைய விமானத்தில் போயிருப்பீர்கள். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 2005 முதல் 2010 வரை பறந்த பாரமவுண்ட் ஏர்வேஸ் வைத்திருந்தது எம்ப்ரேயர் 170-உம் 175-உம் தான். இரண்டு இரண்டு சீட்டாக இருக்கும், நடு சீட்டுத் தொல்லை கிடையாது, ஞாபகம் வருகிறதா?

சந்தையைப் படிப்பதிலும் இதே கதை. அமெரிக்காவில் பெரிய கம்பெனி விமானிகளின் சங்க ஒப்பந்தப்படி, அவர்களுக்காகப் பறக்கும் சிறிய கம்பெனிகளின் விமானத்தில் 76 சீட்டுக்கு மேல் கூடாது, எடை 86,000 பவுண்டுக்கு மேல் கூடாது. இந்த விதி தளர்ந்துவிடும் என்று நம்பி மிட்சுபிஷி அதைவிடக் கனமான விமானம் செய்தது. விதி தளரவில்லை. எம்ப்ரேயரும் இதே தப்பைத் தன் புதிய 175-இல் செய்து, அதைக் கிடப்பில் போட்டது. ஆனால் விதிக்குள் அடங்கிய பழைய 175 அவர்கள் கையில் இருந்தது. ஏற்கெனவே ஏறி நின்ற படி காலைக் காப்பாற்றியது.

நல்ல விமானமும் ஒழுங்கான சான்றிதழும் இருந்தால் போதும் என்று நான் சொல்ல மாட்டேன். கனடாவின் பம்பார்டியர் சி-சீரிஸ் என்ற அருமையான விமானத்தைச் செய்தது. 2015-இல் சான்றிதழ், 2016-இல் சேவை. அதற்குள் கையிருப்பு கரைந்துவிட்டது. 2017-இல் போயிங் புகார் கொடுத்ததன் பேரில் 292 சதவிகிதம் வரி என்று அமெரிக்க வர்த்தகத் துறை அறிவித்தது. 2018 ஜனவரியில் அந்த வரி தள்ளுபடியானாலும், அதே வருஷம் ஜூலையில் விமானத் திட்டத்தின் பெரும்பங்கு ஏர்பஸ் கைக்குப் போய்விட்டது. இன்று ஏ-220 என்ற பெயரில் பறப்பது அந்தக் கனடாப் பிள்ளைதான். பெற்றவள் ஒருத்தி, பெயர் வைத்தவள் ஒருத்தி.

இப்போது அண்ணன் கேட்ட சீனா. 1980-இல் ஒய்-10 என்ற விமானத்தைப் பறக்கவிட்டுக் கைவிட்டவர்கள் அவர்கள். பிறகு ஷாங்காயில் அமெரிக்க விமானங்களைப் பூட்டிக் கொடுத்துப் பழகினார்கள். 2002-இல் ஏ.ஆர்.ஜே.-21 என்ற சின்ன ஜெட்டுக்குத் திட்டம் போட்டார்கள். 2008-இல் பறந்தது. பயணிகள் ஏறியது 2016-இல். நடுவில் எட்டு வருஷம் என்ன செய்தார்கள் என்றால், நான் சொன்னேனே, அந்த ரீடிங் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இறக்கையில் பனிக்கட்டி படிந்தால் விமானம் எப்படி நடந்துகொள்கிறது என்று இயற்கையான பனி மேகத்தில் பறந்து காட்ட வேண்டும். நாட்டின் மேற்கே வருஷக்கணக்கில் மேகத்தைத் தேடினார்கள், தேவையான பனி சிக்கவில்லை. கடைசியில் 2014-இல் விமானத்தைக் கனடாவின் பெரிய ஏரிகள் பக்கம் கொண்டுபோய் அந்தப் பனியைப் பிடித்தார்கள். ஒரு ரீடிங்குக்காக! நானாக இருந்தால் பின்னோக்கிக் கணக்குப் போட்டிருப்பேன்.

பெரிய விமானமான சி-919, 2017 மே 5-ஆம் தேதி பறந்தது. சீனாவின் சான்றிதழ் 2022 செப்டம்பரில். முதல் பயணிகள் 2023 மே 28-ஆம் தேதி ஷாங்காயிலிருந்து பெய்ஜிங் போனார்கள். சாதனைதான், சந்தேகமில்லை. ஆனால் எஞ்சின் அமெரிக்காவும் பிரான்ஸும் கூட்டாகச் செய்வது. 2025-இல் வர்த்தகச் சண்டை வந்தபோது அமெரிக்கா அந்த எஞ்சின் ஏற்றுமதியைச் சில வாரங்கள் நிறுத்தியே காட்டியது. ஐரோப்பியச் சான்றிதழுக்கு இன்னும் சில வருஷம் ஆகும் என்று ஐரோப்பிய அதிகாரி 2025-இல் சொன்னார். 2024-இல் ஏர்பஸ் கொடுத்த விமானம் 766, அதாவது வாரத்துக்குப் பதினைந்து. சி-919 அந்த வருஷம் முழுக்க வந்தது சுமார் அவ்வளவுதான். அவர்கள் படி ஏறிக்கொண்டிருக்கிறார்கள்.

பெரிய கடைக்காரர்கள் மட்டும் நோட்டு எழுதுவதில் சுத்தமா? 2024 ஜனவரி 5-ஆம் தேதி அமெரிக்காவில் 177 பேரோடு கிளம்பிய போயிங் 737 மேக்ஸ் விமானத்தில், சுமார் 16,000 அடி உயரத்தில் பக்கவாட்டில் கதவு போலிருந்த ஒரு அடைப்பு பிய்ந்துகொண்டு போனது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. விசாரணையில் என்ன தெரிந்தது? தொழிற்சாலையில் வேறு ஒரு ரிவிட் வேலைக்காக அந்த அடைப்பைத் திறந்திருக்கிறார்கள். திரும்ப மூடும்போது நாலு போல்ட்டுகளைப் போடவில்லை. திறந்ததற்கான பதிவே இல்லை. பதிவு இருந்திருந்தால் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்திருப்பார். போல்ட் போட மறப்பது மனித இயல்பு. அதைப் பிடிப்பதற்குத்தான் நோட்டு. அந்த நோட்டில் அந்தப் பக்கமே இல்லை.

இனி நம் நாடு. நாம் ஒன்றும் செய்யாதவர்கள் இல்லை. கான்பூரில் செய்த ஆவ்ரோ விமானம் 1961-லேயே பறந்தது, பல வருஷம் அதைச் செய்தோம். ஆனால் அது பிரிட்டன் வடிவமைப்பு. பெங்களூரின் தேசிய விண்வெளி ஆய்வகம் வடிவமைத்த சரஸ் என்ற சின்ன விமானம் 2004 மே மாதம் பறந்தது. 2009 மார்ச் 6-ஆம் தேதி பிடதி பக்கத்தில், எஞ்சினை வானில் நிறுத்தி மறுபடி இயக்கும் சோதனையின்போது அது விழுந்து, விமானப்படையின் மூன்று அதிகாரிகள் உயிரிழந்தார்கள். பெங்களூர்-மைசூர் ரோட்டில் பிடதியைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு அந்த ஞாபகம் வரும். ரீடிங் எடுக்கப் போனவர்கள் அவர்கள். அடுத்தவர் பத்திரமாகப் போகவேண்டும் என்று எடுக்கப் போனவர்கள்.

2025 அக்டோபரில் ஹெச்.ஏ.எல்., ரஷ்யாவின் எஸ்.ஜே.-100 விமானத்தை இங்கே செய்வதற்கு ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது. 2022-க்குப் பிறகு மேற்கத்திய பாகங்கள் கிடைக்காமல், ரஷ்யர்களே அந்த விமானத்தின் எஞ்சின் முதற்கொண்டு மாற்றி மறுபடி சான்றிதழ் வாங்கும் வேலையில் இறங்கியிருந்தார்கள். நல்லது நடந்தால் சந்தோஷம்தான். ஆனால் வேறொருவருடைய விமானத்தைப் பூட்டுவதால் மட்டும் அண்ணனுடைய கேள்விக்கு முழுப் பதில் வந்துவிடாது. ஆவ்ரோவை அத்தனை வருஷம் பூட்டினோமே, அடுத்த படியில் கால் வைத்தோமா? செய்ய ஆள் இருந்தார்கள். விடாமல் செய்து, விடாமல் எழுதி, அடுத்த தலைமுறையிடம் நோட்டைக் கொடுக்கும் ஏற்பாடுதான் இல்லாமல் போயிற்று. இது என் தாழ்மையான கருத்து.

கடைசியாக ஒரு வேண்டுகோள். சொன்னால் சிலர் கோபித்துக்கொள்வீர்கள், சாப்பாட்டுக்கு முன்னால் சொல்லிவிடுவது நல்லது. இன்று காலை நான் அந்த லேபுக்குப் போய்ப் பார்த்தேன். அதே முறுக்கு மெஷின். டயல் கேஜ் இருக்கிறது, முள்ளும் நகர்கிறது. ஆனால் அதைக் கடைசியாகச் சரிபார்த்த தேதி ஒட்டியிருக்கும் சீட்டில் மை மங்கிப்போய் வருஷமே தெரியவில்லை. அங்கிருந்த இரண்டாம் வருஷத்துப் பையனிடம், "தம்பி, ரீடிங் எல்லாம் ஒழுங்கா வருதா?" என்று கேட்டேன். "வரும் சார், சீனியர் ரெக்கார்டு இருக்கு" என்றான். வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். வெளியே வந்த பிறகு சிரிப்பு வரவில்லை. அந்தப் பையன் நாளைக்கு என்னிடமே வேலைக்கு வரலாம்.

நம் சங்கம் நுழைவாயில் வளைவு கட்ட நிதி சேர்க்கிறது. நானும் என் பங்கைக் கொடுத்திருக்கிறேன், திருப்பிக் கேட்கவில்லை. வளைவு கொஞ்சம் குள்ளமாக இருந்தாலும் பரவாயில்லை. அதில் ஒரு பகுதியை வங்கியில் போட்டு, வரும் வட்டியில் வருஷா வருஷம் நம் லேப் கருவிகளை எல்லாம் அங்கீகாரம் பெற்ற ஆட்களைக் கொண்டு சரிபார்த்து, தேதி போட்ட சீட்டு ஒட்டலாம். வேலை செய்யாத கருவிக்கு "வேலை செய்யவில்லை" என்று தைரியமாக ஒரு சீட்டு ஒட்டலாம். அந்த வாரம் அப்படியே எழுதிக் கொண்டுவரும் பிள்ளைக்கு முழு மார்க் போடும்படி பேராசிரியப் பெருமக்களைக் கேட்டுக்கொள்ளலாம். இதை முன்னின்று செய்யும் பொறுப்பை என் 2011 செட் ஏற்றுக்கொள்ளத் தயார் என்று காலையிலேயே பேசி முடித்துவிட்டோம்.

அந்த ரெக்கார்டு நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. சிவப்பு மை கொஞ்சம் மங்கியிருக்கிறது. கோடு போட்ட சார் இன்று இங்கே வந்திருக்கிறார், மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு இந்த விஷயம் ஞாபகம் இருக்காது. சார், பதினாறு வருஷம் தாமதமாகச் சொல்கிறேன்: அன்றைக்கு நான் லேபுக்கு வரவில்லை.

செயலாளர் அண்ணன் கை காட்டுகிறார், இலை போட்டாச்சாம். 90 விநாடிதான், தள்ளுமுள்ளு இல்லாமல் போகலாம்.